போக்கர் கணக்கேடு எதற்கு?

கேள்வி: போக்கர் சீட்டாட்டத்தில் மொத்தத்தில் லாபத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தனியாகக் கணக்கு எழுதத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயம் எழுதுங்கள். பெரிதாக வென்ற இரவு நினைவில் தங்கும் அளவுக்கு, சிறுகச் சிறுகப் பணம் கரைந்த இரவுகள் தங்குவதில்லை என்பதால் மனக்கணக்கை நம்பவே கூடாது. மேசையை விட்டு எழுந்தவுடன் தேதி, ஆட்ட வகை, பந்தய அளவு, ஆடிய நேரம், போட்ட பணம், எடுத்துவந்த பணம் ஆகியவற்றைக் குறித்துவிடுங்கள். இடையில் மீண்டும் சில்லு (பணத்துக்குப் பதிலாகப் பந்தயத்தில் வைக்கும் வில்லை) வாங்கிய தொகையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 100க்கு உட்கார்ந்து, பாதியில் இன்னொரு 100 போட்டு, 150உடன் எழுந்தவர் 50 வென்றதாக மகிழ்கிறார், உண்மையிலோ 50 இழந்திருக்கிறார். டூர்னமென்ட் கணக்கு தனிப் பக்கத்தில் இருக்கட்டும். சில நூறு சுற்றுகளின் முடிவில் அதிர்ஷ்டத்தின் பங்கே அதிகம் என்பதால், பல்லாயிரம் சுற்றுகள் சேரும்வரை உங்கள் திறமையைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.