கம்பெனி வெள்ளிக் காசு வாங்குபவர்களுக்கு: கேள்வி-பதில்

1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளிக் காசு, ஒரு பக்கம் அனுமார். பன்னிரண்டாயிரம் கேட்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். கம்பெனி அனுமார் காசு அடித்ததே இல்லை. சாமி உருவம் போட்ட கம்பெனி காசு உண்டுதான். 1807-08இல் சென்னையில் வெளியான அரை வராகன், கால் வராகன் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள், கூடவே தமிழ், தெலுங்கு எழுத்தும் இருக்கும். அதைக் காட்டித்தான் இந்த அனுமார், ராமர் காசுகளையும் நம்ப வைக்கிறார்கள்.

என் 1840 ரூபாய் காந்தத்தில் ஒட்டவில்லை. அசல்தானே?

அதை வைத்துச் சொல்ல முடியாது. பித்தளை, ஈயம், ஜெர்மன் சில்வர் (பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) எதுவுமே ஒட்டாது. 1835 முதல் வந்த கம்பெனி ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. தேய்ந்திருந்தால் எடை கொஞ்சம் குறையும். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். முழு எடை உள்ள நல்ல காசுக்கு 1.13 கிராம் பக்கம் காட்டும். அதே எடையில் ஜெர்மன் சில்வர் என்றால் 1.34ஐ நெருங்கும். அப்புறம் எழுத்தையும் படியுங்கள். 1840 காசில் விக்டோரியா 'குயின்'தான், 'எம்ப்ரஸ்' 1877இல்தான் வந்தது.

1835 ரூபாய் கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

தயவுசெய்து தேய்க்காதீர்கள். நாலாம் வில்லியம் தலை போட்ட காசில் அந்தக் கறுப்பு பல வருடம் காற்றுப் பட்டுப் படிந்தது, அதைப் பார்த்துத்தான் விவரம் தெரிந்தவர் காசை நம்புவார். தேய்த்தால் மேல்தோலோடு முடிக்கோடும் எழுத்தின் விளிம்பும் போய்விடும், போனது போனதுதான். எனக்குத் தாங்க முடியாத கோபம் வருவது விற்பவர்கள் மேல். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருந்த காசை வாங்கி, வளையத்தை வெட்டி, தழும்பை அரத்தால் ராவி, பளபளவென மெருகேற்றி, 'புழங்காத காசு' என்று விலை வைக்கிறார்கள். நான் அப்படி ஒரு 1835 ரூபாயைப் படத்தை நம்பி வாங்கினேன், கைக்கு வந்ததும் விளிம்பில் தழும்பு தெரிந்தது. விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. அதிலிருந்து விளிம்பின் படத்தைத் தனியாகக் கேட்காமல் நான் பணம் அனுப்புவதில்லை, நீங்களும் அனுப்பாதீர்கள்.

ஆற்காடு ரூபாயில் ஹிஜ்ரி 1172, ஆலம்கீர் பெயர் இருக்கிறது. 1758-59இல் அடித்த முகலாயர் காசு என்கிறார் விற்பவர்.

தேதியை மாற்றாமலே கம்பெனி பல வருடம் அடித்தது. தாமரை முத்திரை இருந்தால் கம்பெனி காசு, பிறை இருந்தால் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களுடையது. சீரான வட்டமும் வரிபோட்ட விளிம்பும் இருந்தால் 1807க்குப் பிறகு இயந்திரத்தில் அடித்தது. முகலாயர் விலை கொடுக்காதீர்கள்.

அம்மாவிடம் ஒரு 1840 ரூபாய் இருக்கிறது. மூன்று லட்சத்துக்கு எடுக்கிறோம் என்று போனில் சொல்லி, ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணம் என்று பதினெட்டாயிரம் வாங்கிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் அவரைத்தான் திட்டுகிறார்கள்.

முதலில் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் மாட்டிக்கொண்டார். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்து புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. பழைய காசுக்கு ரிசர்வ் வங்கி எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, 2021இல் அறிக்கையே விட்டது. 1840 ரூபாய் நிறையக் கிடைக்கும் காசு, லட்சமெல்லாம் போகாது. ஆனாலும் அம்மா அதைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

சாலையோரத்தில் புதையல் காசு என்று கம்பெனி ரூபாய் முப்பதை எடை போடாமல் வாங்கிவிட்டேன். ஆளைக் காணோம். பில் இல்லை. நுகர்வோர் கோர்ட் போகலாமா?

யார் மேல் போடுவீர்கள்? நிஜப் புதையல் என்றால் 1878ஆம் வருடச் சட்டப்படி கலெக்டரிடம் போயிருக்க வேண்டும், பொய் என்றால் உங்கள் கையில் இருப்பது தகரம். இது தெரிந்தும் தராசு கூட இல்லாமல் ஏன் பணத்தை எடுத்தீர்கள்?

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குக் கம்பெனி ரூபாய் ஒன்று அனுப்பலாமா?

கூடாது. நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். ஊருக்கு வரும்போது அவரே பார்த்துக்கொள்ளட்டும்.