லோட்டஸ் யூரோப்பாவின் சேஸிஸையும் பின்பக்க சஸ்பென்ஷனையும் நாமே செய்து மாற்ற முடியுமா?

கேள்வி கேட்டவரிடம் எஸ்2 (இரண்டாம் வரிசை) யூரோப்பா ஒன்று இருக்கிறது; லோட்டஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. சேஸிஸின் முன்பக்கம் துருவேறிப் போய்விட்டது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அப்படியே பின்பக்க சஸ்பென்ஷனையும் ரேஸ் காரில் இருப்பதுபோல் செய்துவிடலாமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

செய்யலாம். நான் நார்ஃபோக்கில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறேன். லோட்டஸ் ஆலை இருக்கும் ஹெத்தல் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால், பழைய லோட்டஸ்கள் எங்களிடம் அடிக்கடி வரும். அவற்றைக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி “எந்த பைப் வாங்குவது?” என்பது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் சக்கரம் மேலும் கீழும் போகும்போது எந்தப் பாதையில் போக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அதிலிருந்து லிங்குகளின், அதாவது சக்கரத்தை சேஸிஸோடு இணைக்கும் கம்பிகளின், முனைகள் எங்கே வரும் என்பது கிடைக்கும். அந்த முனைகளை இம்மி நகராமல் பிடித்துக்கொள்ளும் இரும்புதான் சேஸிஸ். வேலையை இந்த வரிசையில் செய்தால் பாதிச் சிக்கல் வராது.

யூரோப்பாவில் இது இன்னும் முக்கியம். ஏனென்றால் அதன் பின்பக்கம் கொஞ்சம் விசித்திரமானது. 1966 டிசம்பரில் வந்த கார். ரெனோ 16-இன் 1470 சிசி என்ஜினையும் கியர் பாக்ஸையும் அப்படியே எடுத்து, முன்பின்னாகத் திருப்பி, ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். திருப்பினால் நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரு ஃபார்வர்ட் கியரும்தான் கிடைக்கும் என்பதால், கியர் பாக்ஸுக்குள் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றினார்கள். வடிவமைத்தவர் ரான் ஹிக்மன். நாம் இன்று மடக்கி எடுத்துப்போகும் ‘வொர்க்மேட்’ பெஞ்சைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். அந்த பெஞ்சின் மேல் வைத்தே அவர் காரின் பிராக்கெட்டுகளை நான் ராவியிருக்கிறேன்.

லோட்டஸை நிறுவிய காலின் சாப்மனுக்கு ஒரு பாகம் ஒரு வேலை மட்டும் செய்தால் பிடிக்காது. யூரோப்பாவின் பின்பக்கத்தில் தனி மேல் லிங்க் கிடையாது. டிரைவ் ஷாஃப்ட்டே அந்த வேலையையும் பார்க்கிறது. கீழே ஒற்றைக் குழாய் லிங்க். முன்னும் பின்னுமான விசைக்கு, ஹப்பிலிருந்து (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) முன்னோக்கிச் சென்று சேஸிஸில் ரப்பர் புஷ் வழியாகப் பிடித்திருக்கும் ஒரு நீளமான பெட்டி வடிவக் கை. எடை குறைவு, விலை குறைவு, பாகங்கள் குறைவு. ஆனால் வளைவில் திரும்பும்போது சக்கரத்தின் பக்கவாட்டு விசை டிரைவ் ஷாஃப்ட் வழியாக கியர் பாக்ஸின் பேரிங்குக்குப் போகிறது. கீழ் லிங்கின் உள்முனையும் கியர் பாக்ஸோடு சேர்ந்த பிராக்கெட்டில்தான் நிற்கிறது. கியர் பாக்ஸோ ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மவுண்ட் நைந்துபோனால் கியர் பாக்ஸ் அசையும், கூடவே இரண்டு பின்சக்கரங்களும் அசையும். “என்ஜின் மவுண்ட் மாற்றினேன், கார் நேராக ஓடுகிறது” என்று யூரோப்பாக்காரர்கள் சொல்வது அதனால்தான்.

இன்னொரு பலவீனம், அந்த நீளமான கையின் முன்முனை புஷ். ரப்பர் தளர்ந்து முன்முனை பக்கவாட்டில் அசைந்தால் சக்கரத்தின் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மாறிவிடும். கையின் நீளம் 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 2 மி.மீ. அசைவு 13 அங்குல ரிம்மில் ஏறக்குறைய 1 மி.மீ. டோ மாற்றமாகத் தெரியும். முன்சக்கரத்தில் இது பெரிய விஷயமில்லை. பின்சக்கரத்தில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது வந்தால், காரின் வால் தனி முடிவு எடுக்கும்.

இதற்கான தீர்வை லோட்டஸே அப்போதே செய்து காட்டியது. யூரோப்பாவின் ரேஸ் வடிவமான டைப் 47-இல் தனி மேல் லிங்க், அகலப் பக்கம் சக்கரத்தை நோக்கி இருக்கும் தலைகீழ் விஷ்போன் (கவை வடிவக் கீழ்க் கை), முன்பின் விசையைத் தாங்க பக்கத்துக்கு இரண்டு ரேடியஸ் கம்பிகள், ஹூலண்ட் நிறுவனத்தின் ரேஸ் கியர் பாக்ஸ் என்று அன்றைய ஃபார்முலா கார்களின் அமைப்பையே கொண்டுவந்தார்கள். டிரைவ் ஷாஃப்ட்டுக்கு சக்கரத்தைச் சுற்றும் வேலை மட்டும். நீங்கள் கேட்டிருப்பது ஏறத்தாழ இதைத்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தலைகீழ் விஷ்போனுக்குப் பதிலாகக் கீழே ஒரே நீளமுள்ள இரண்டு இணை லிங்குகளைப் போடுவேன். காரணம் சொல்கிறேன். சக்கரம் 50 மி.மீ. மேலே போகும்போது, 700 மி.மீ. நீள ரேடியஸ் கம்பி ஒரு வட்டத்தில் சுழல்வதால் ஹப்பை ஏறக்குறைய 1.8 மி.மீ. முன்னால் இழுக்கும். தலைகீழ் விஷ்போனுக்கு உள்ளே ஒரே பிடிதான் என்பதால், அந்த 1.8 மி.மீ. விஷ்போனையும் சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும், டோ மாறும். இரண்டு இணை லிங்குகள் இருந்தால் இணைகரம்போல ஹப் அப்படியே நகருமே தவிரத் திரும்பாது. தவிர, லிங்கின் ஒரு முனையில் வலது மரையும் மறு முனையில் இடது மரையும் வைத்துவிட்டால், கழற்றாமலே ஸ்பேனரால் டோ வைக்கலாம். டைப் 47-ஐ அச்சு அசலாக நகலெடுக்க வேண்டும் என்கிறவர்கள் என்னைத் திட்டலாம், பரவாயில்லை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. பழைய டிரைவ் ஷாஃப்ட் நீளம் மாறாதது. இரு பக்கமும் யுனிவர்சல் ஜாயிண்ட் மட்டும். அதுவே லிங்காக இருந்தவரை அது சரி. நீங்கள் தனியாக ஒரு மேல் லிங்க் போட்ட பிறகு சக்கரத்தின் பாதையை லிங்குகள் தீர்மானிக்கும், ஷாஃப்ட்டும் தன் பங்குக்கு ஒரு பாதையைப் பிடிக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. நீளம் மாறக்கூடிய ஷாஃப்ட், அதாவது வழுக்கும் ஸ்ப்ளைனோ உள்ளே வெளியே நகரும் சி.வி. ஜாயிண்ட்டோ, கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் மேல் லிங்கை மட்டும் மாட்டினால் முதல் பள்ளத்திலேயே ஏதாவது ஒன்று மற்றொன்றை உடைக்கும்.

அடுத்து பிராக்கெட்டுகள். வளைவில் வெளிப்பக்கப் பின் டயரில் 300 கிலோ பக்கவாட்டு விசை என்று வையுங்கள். டயரின் ஆரம் 290 மி.மீ., கீழ் லிங்க் சக்கரத்தின் அச்சுக்கு 100 மி.மீ. கீழே, மேல் லிங்க் 120 மி.மீ. மேலே. நெம்புகோல் கணக்குப் போட்டால் கீழ் லிங்குகளில் 560 கிலோ அமுக்கமும் மேல் லிங்கில் 260 கிலோ இழுவையும் வரும். தரையில் 300, பிராக்கெட்டில் கிட்டத்தட்ட இரு மடங்கு. பள்ளத்தில் இறங்கினால் இன்னும் கூடும். அதனால் எந்த பிராக்கெட்டும் ஒற்றைக் காதாக இருக்கக் கூடாது. இரண்டு காதுகளுக்கு நடுவே லிங்க், குறுக்கே போல்ட். மெல்லிய தகட்டில் வெறும் ஓட்டை போட்டு போல்ட்டை இறுக்காதீர்கள். தகட்டுப் பெட்டியின் இரண்டு சுவர்களையும் துளைத்து ஒரு குழாய்த் துண்டைச் செருகி, இரு பக்கமும் வெல்ட் செய்து, அதற்குள் போல்ட் போக வேண்டும். ரோஸ் ஜாயிண்டின் (லிங்க் முனையில் வரும் உருண்டை மூட்டு) மரையில் வளைக்கும் விசை வரவே கூடாது. டேம்பரை (ஷாக் அப்சார்பர்) லிங்கின் நடுவில் மாட்டாதீர்கள், ஹப் பக்கம் நேராக மாட்டுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஸ்பிரிங் கணக்கு எளிது. கார் 700 கிலோ, அதில் பின்பக்கம் 56 சதவீதம் என்றால் ஒரு பின்சக்கரத்தில் 196 கிலோ. சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் 30 கிலோ கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 166. நொடிக்கு 1.5 அதிர்வு வேண்டும் என்றால் சக்கரத்தில் மி.மீ.க்கு 14.7 நியூட்டன். சக்கரம் 10 மி.மீ. நகரும்போது டேம்பர் 8 மி.மீ. நகர்கிறது என்றால், 0.8-ஐ இருமடி எடுத்து வகுக்க வேண்டும். ஸ்பிரிங் 23 நியூட்டன் அளவில் வரும். இருமடியை மறந்து ஒருமுறை மட்டும் வகுத்து ஸ்பிரிங் ஆர்டர் செய்பவர்கள் நிறைய. சாலையில் ஓட்டும் லோட்டஸுக்கு இந்த மென்மை போதும். கல்லுமாதிரி ஸ்பிரிங் போடுவதற்கு யூரோப்பா எதற்கு?

இப்போதுதான் சேஸிஸ். யூரோப்பாவின் முதுகெலும்பு சேஸிஸ் மடித்த தகட்டால் ஆன மூடிய பெட்டி. முன்னால் டி வடிவம், பின்னால் என்ஜினை அணைக்கும் கவட்டை. தகடு மெல்லியதாக இருக்கிறதே என்று பலரும் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு தடித்த செவ்வகக் குழாயில் ஏணி சேஸிஸ் அடிக்க நினைக்கிறார்கள். முறுக்கைத் தாங்குவது இரும்பின் தடிமனைவிட, பெட்டி அடைத்திருக்கும் பரப்பைப் பொறுத்தது. அதிலும் பரப்பின் இருமடியை. 150-க்கு 280 மி.மீ. பெட்டி, 1.5 மி.மீ. தகடு, அதற்கு எதிராக 100-க்கு 50, 3 மி.மீ. தடிமனில் இரண்டு குழாய்கள். மீட்டருக்குப் பெட்டி 10 கிலோ, குழாய்கள் இரண்டும் சேர்ந்து 13.5 கிலோ. முறுக்குக்கு எதிரான பலத்தில் பெட்டி ஏறக்குறைய ஏழு மடங்கு. ஏணியில் குறுக்குச் சட்டங்கள் கொஞ்சம் உதவும், ஆனால் அந்த இடைவெளியை அடைக்காது. பெட்டியில் கண்ட இடத்தில் ஓட்டை போட்டால் மட்டும் இந்தப் பலம் போய்விடும்; ஓட்டை தவிர்க்க முடியாத இடத்தில் விளிம்பை மடக்கி விடுங்கள்.

குழாய்களை முக்கோணமாகக் கோத்த ஸ்பேஸ் ஃபிரேம் இன்னொரு வழி. ஸ்பைடர் என்ற நிறுவனம் லோட்டஸ்களுக்கு அப்படிப்பட்ட சேஸிஸ் செய்து விற்கிறது. வீட்டில் தகடு மடிக்கும் பிரஸ் இருக்காது என்பதால் பலருக்கு அது சௌகரியம். என் விருப்பம் தகட்டுப் பெட்டிதான். தகட்டை லேசரில் வெட்டி மடித்துத் தரும் கடைகள் இப்போது ஊருக்கு ஊர் உண்டு, உங்களுக்கு வெல்டிங் மட்டும் மிச்சம்.

வேலையில் பெரும்பகுதி ஜிக், அதாவது பாகங்களை அசையாமல் பிடித்துவைக்கும் சட்டகம், செய்வதில்தான் போகும். தடித்த செவ்வகக் குழாயில் ஒரு மேசை, ரசமட்டம் பார்த்து, கால்களுக்குத் தகடு கொடுத்து மட்டமாக்கியது. பழைய சேஸிஸைக் கழற்றும் முன் நடுக்கோட்டுக்கு நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, முன்பக்கப் பிடிகளையும் பாடியின் போல்ட் ஓட்டைகளையும் மேசைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். எஸ்2-வில் பாடி போல்ட்டில் நிற்கிறது, உங்கள் அதிர்ஷ்டம். எஸ்1-இல் ஃபைபர் பாடியையும் சேஸிஸையும் சேர்த்தே ஒட்டியிருப்பார்கள், அந்தக் காரோடு யாராவது வந்தால் நான் டீ கொடுத்து அனுப்பிவிடுவேன். ஒவ்வொரு சஸ்பென்ஷன் பிடிக்கும் மேசையிலிருந்து ஒரு தூண் எழும்ப வேண்டும். இடது வலது பிடிகள் இரண்டையும் கோத்து ஒரே நீளக் கம்பி உருவிப் போகிறதா என்று பாருங்கள். அந்தக் கம்பி பொய் சொல்லாது.

எல்லாவற்றையும் முதலில் டேக் (சிறு புள்ளி வெல்ட்) மட்டும் வையுங்கள். பிறகு சிறு சிறு நீளமாக, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாற்றி மாற்றி வெல்ட் செய்யுங்கள். சூடு ஆறும்வரை ஜிக்கிலிருந்து கழற்றாதீர்கள். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளை முழு வெல்ட் செய்வது கடைசியில், பெட்டி இழுத்துக்கொள்ள வேண்டியதை எல்லாம் இழுத்து முடித்த பிறகு. கால்வனைஸ் செய்யலாமா என்று கேட்பீர்கள். துத்தநாகத் தொட்டி ஏறத்தாழ 450 டிகிரி. மெல்லிய தகட்டுப் பெட்டி அதில் முறுக்கிக்கொள்ளலாம், மூடிய அறைகளில் காற்றுத் துளை இல்லாவிட்டால் வெடிக்கவும் செய்யும். நான் துத்தநாக பிரைமரும் உள்ளே மெழுகும் போடுவேன், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வைப்பேன். பழைய சேஸிஸ் துருப்பிடித்தது உள்ளே தேங்கிய தண்ணீரால்தான்.

மாட்டிய பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ஒரு தட்டையான பலகையைப் பிடித்து, முன்னும் பின்னும் இரண்டு டயல் கேஜ் வைத்து, ஜாக்கியால் 50 மி.மீ. மேலே, 50 மி.மீ. கீழே கொண்டுபோங்கள். இரண்டு கேஜும் ஒன்றாக நகர்ந்தால் டோ மாறவில்லை. மாறினால் ரேடியஸ் கம்பியின் முன்முனை உயரத்தை மாற்றிப் பாருங்கள். அதற்காகவே அந்த பிராக்கெட்டில் மேலும் கீழுமாகச் சில ஓட்டைகள் முதலிலேயே விட்டுவைக்க வேண்டும்.

சட்டம் பற்றி. பிரிட்டனில் வேறு சேஸிஸ் போட்டால் பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்கப் புள்ளிக் கணக்கு ஒன்று பல ஆண்டுகள் இருந்தது. எட்டுப் புள்ளி வேண்டும், அதில் ஐந்து அசல் சேஸிஸுக்கே. 2025 ஆகஸ்டில் விதிகளைத் தளர்த்தினார்கள், ஆனால் மாற்றத்தை வண்டிகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள், காப்பீட்டுக்காரரிடம் தகடு வெட்டும் முன்பே பேசிவிடுங்கள். இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்கள் கவனிக்க: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கே இப்படி ஒரு கார் செய்தால் ரேஸ் டிராக்குக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.