பாசிக்குடாப் பயணமும் பேசப்படாத கணக்கும்

கேள்வி: நான் மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ஆறு பேரில் ஒருத்திக்கு ஆவணியில் கல்யாணம். அதற்கு முதல் ஒரு நாள் எல்லோரும் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போய்ப் பொம்பிளைக்கு ஒரு சின்னப் பார்ட்டி வைப்பது என்றும், கல்யாண வீட்டில் ஒரு மருதாணி இரவு வைப்பது என்றும் திட்டம். ஒழுங்கு செய்வது நான்தான். லண்டனிலிருந்து வரும் தோழி குரூப்பில் ஒரு கணக்குப் போட்டாள்: ஒரே நிறச் சாறியும் சட்டைத் தையலும் 8,000, ஹோட்டலில் பகல் சாப்பாடும் நீச்சல் குளமும் 6,500, வான் 2,500, கேக், அலங்காரம் 2,000, படம் எடுப்பவருக்கு 3,000. ஆளுக்கு 22,000 ரூபாய். “இல்லாதவைக்கு நான் போடுறன், மறுகா தாங்க” என்றும் எழுதினாள். முன்பள்ளியில் படிப்பிக்கும் தோழி பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. பிறகு, சாறி நிறம் சரியில்லை என்று சண்டை பிடித்தாள். கொழும்பில் வங்கியில் இருப்பவளுக்குப் போன வருடம் நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது, அவள் ஒரு சொல்லும் கதைப்பதில்லை. காத்தான்குடித் தோழி “நான் பின்னேரம் வாறன்” என்கிறாள். இப்போது எங்களுக்குள் இன்னொரு வட்ஸ்அப் குரூப் ஓடுகிறது, அதில் மூன்று பேர்தான். பெரிய குரூப்பில் எல்லோரும் இதயமும் பூவும் போடுகிறோம். பயணத்தை நிறுத்தட்டா? பொம்பிளையிடம் சொல்லட்டா?

பதில்: தங்கச்சி, நிறுத்த வேண்டாம், சின்னதாக்குங்கள். பொம்பிளையிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தில் ஒவ்வொருத்தியின் குணத்தைப் பற்றியும் நிறைய இருந்தது. இடம் போதாமல் வெட்டிவிட்டோம். காசைப் பற்றி இருந்தது நாலைந்து வரிதான், சச்சரவு முழுக்க அந்த வரிகளில்தான் இருக்கிறது. 22,000 என்ற தொகை எல்லோரும் பார்க்கிற இடத்தில், முடிந்த முடிவாக வந்து விழுந்தது. முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைக்கும் கொடுப்பனவு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். “என்னால் ஏலாது” என்று நாலு பேர் முன்னால் எழுத யாருக்கு மனம் வரும்? அதனால் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருக்க முடியாமல் போனபோது நிறத்தைப் பிடித்துக்கொண்டாள். நிறத்தை மாற்றினால் அடுத்ததாக வான் நேரம் பிழை என்பாள், அதை மாற்றினால் கேக். தொகை மாறும் வரைக்கும் இது ஓயாது.

லண்டன் தோழி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பாள். ஆனால் “மறுகா தாங்க” என்பது நாள் குறிக்காத கடன். வாங்கியவள் கல்யாண வீட்டில் கொடுத்தவளின் கண்ணில் படாமல் திரிவாள், கொடுத்தவள் அதைத் தலைக்கனம் என்று நினைப்பாள். கூட்டுச் செலவில் ஒருத்தி மற்றவளுக்காகப் போடுவதை எங்களிடம் கேட்டால் வேண்டாம் என்றே சொல்வோம்.

செய்ய வேண்டியது இது. ஐந்து பேரில் நீங்கள் தவிர்ந்த நாலு பேருக்கும் தனித்தனியாகப் போன் எடுங்கள். மெசேஜ் வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம், இரண்டும் அடுத்தவள் காதுக்குப் போய்ச் சேரும். முதலில் லண்டன் தோழிக்கு எடுங்கள். அவளுக்குக் கடைசியாகத் தெரியவந்தால் குரூப்பில் இன்னொரு திட்டம் போட்டுவிடுவாள். “உன்னால் எவ்வளவு ஏலும்?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு ஒருவரும் உண்மை சொல்வதில்லை. மூன்று தொகையை நீங்களே சொல்லுங்கள்: “மூவாயிரம், ஆறாயிரம், பத்தாயிரம் எண்டு மூண்டு மாதிரித் திட்டம் யோசிச்சிருக்கிறன். உனக்கு எது வசதி?” நடுவில் ஒன்று இருக்கும்போது கீழே உள்ளதைச் சொல்ல வாய் வரும். யார் எதைச் சொன்னார் என்பது உங்களோடு நிற்க வேண்டும். வந்ததில் ஆகக் குறைந்ததுதான் எல்லோருக்குமான தொகை. சராசரி பார்க்கக்கூடாது, பெரும்பான்மையும் பார்க்கக்கூடாது.

உங்கள் கணக்கை வைத்தே பார்ப்போம். சாறியையும் படம் எடுப்பவரையும் எடுத்துவிட்டால் 11,000 குறைந்து 11,000 மிஞ்சும். ஒரே நிறம் வேண்டுமென்றால் அவரவர் அலுமாரியில் இருக்கிற பச்சை காணும், கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும் கலந்து நின்றால் படத்தில் வடிவாகத்தான் இருக்கும். ஹோட்டல் நீச்சல் குளத்தில் இறங்கப் போவது அதிகம் போனால் இரண்டு பேர், காசு கட்டுவது ஐந்து பேர். பாசிக்குடாக் கடல் வெகுதூரம் வரை இடுப்பளவுதான், குளம் எதற்கு? சாப்பாட்டை வெளியில் எடுத்து ஆளுக்கு 2,000 என்று வைத்து, அலங்காரத்தை 1,000க்குள் அடக்கினால், வானோடு சேர்த்து 5,500. இன்னும் குறைக்க வேண்டுமென்றால் வாழைச்சேனை பஸ் இருக்கிறது, மட்டக்களப்பிலிருந்து சுமார் 35 கிலோமீற்றர்தான். கொழும்புத் தோழி இரவு ரயிலில் வந்தால் டவுனுக்கு வந்து திரும்பிப் போகத் தேவையில்லை, கல்குடா ஸ்டேஷனிலேயே இறங்கலாம். அவளுடைய வான் பங்கைப் பாதியாக்குங்கள்.

தொகை முடிவானதும் குரூப்பில் உங்கள் முடிவாகவே போடுங்கள், ஒருவர் பெயரும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

“என்னகா எல்லாரும், பாசிக்குடாவை நான் கொஞ்சம் சுருக்கிட்டன். சாறி எடுக்கிறல்ல, இருக்கிற பச்சையில வாங்க. ஆளுக்கு 5,500, பொம்பிளைக்கு உள்ள பங்கும் அதுக்குள்ளதான். வாற ஞாயிறுக்குள்ள என்ட எக்கவுண்டுக்குப் போடுங்க. கூடப் போடுறவைக்கு திருப்பி அனுப்புவன்.”

கடைசி வரி பகிடி மாதிரி இருக்கும், ஆனால் லண்டன் தோழிக்கான பதில் அதில்தான் இருக்கிறது. அவளுக்குச் செலவழிக்க ஆசை என்றால் பொம்பிளைக்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கட்டும். அல்லது வான் கூலியை முழுதாகக் கட்டட்டும், ஆனால் குரூப்புக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் திரும்பப் பழைய கதைதான்.

அடுத்தது நாள். ஆடியில் கல்யாணம் இல்லாதபடியால் எல்லோரும் ஆடியில் பயணம் வைக்கப் பார்ப்பார்கள். அதே ஆடியில்தான் மாமாங்கக் கோயில் திருவிழா, அமாவாசையில் தீர்த்தம். அந்த நாட்களில் வான் கிடைப்பது கஷ்டம். அதைவிட முக்கியம், தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பார்கள். உங்களில் அப்படி ஒருத்தி இருந்தால் அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், “எனக்கு அண்டைக்கு வேலை” என்றுதான் சொல்வாள். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் கூடிவிடுவார்கள். போயா தினத்தில் பாசிக்குடாவில் கால் வைக்க இடமிருக்காது. பொம்பிளையின் அம்மாவிடம், தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கு எந்த நாள் என்று முதலே கேளுங்கள். அதற்குப் பிறகு பொம்பிளையை வெளியே அனுப்பாத வீடுகள் இங்கே நிறைய. “மாமி விடமாட்டேன் எண்டுட்டா” என்று கடைசி நேரத்தில் பயணம் நின்றால், நாள் குறித்தவளைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள், அதாவது உங்களை.

காத்தான்குடித் தோழி பின்னேரம் வருகிறேன் என்றால் மூன்று காரணம் இருக்கலாம்: சாப்பாடு, தொழுகை, படம். அவளிடம் கேட்காமல் ஊகித்து “உனக்குத் தனியாப் பார்சல் எடுக்கிறம்” என்று சொல்லிவிடாதீர்கள், ஒரு பாயில் இருந்து தனிப் பார்சலைப் பிரிப்பது ஒருவருக்கும் பிடிக்காது. எல்லோருக்கும் ஒரே ஹலால் சமையல் எடுத்தால் பிரச்சினையே இல்லை. வாழைச்சேனைக்குப் பக்கத்தில்தான் ஓட்டமாவடி. கோழிப் புரியாணி சொல்லிவிடுங்கள், மாடு வேண்டாம், உங்களில் சிலர் சாப்பிட மாட்டீர்கள். முடிந்தால் சஹனில் வாங்குங்கள், ஆறு பேரும் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடலாம். லுஹர், அஸர் தொழுகைகளுக்கு ஒரு ஒதுக்குப்புறம் இருக்கிற இடமாகப் பாருங்கள். படங்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரே சட்டம் வையுங்கள்: அன்றைக்கு ஒருவரும் பேஸ்புக்கிலோ ஸ்டேட்டஸிலோ போடுவதில்லை, பிறகு படத்தில் இருக்கிற எல்லோரும் ஓம் என்றால்தான் போடலாம். அவளுக்காக மட்டும் என்று சொன்னால் அது சலுகையாகிவிடும்.

கொழும்புத் தோழி விஷயத்தில்தான் ஆகக் கவனம் வேண்டும். அவளை ஆறுதல்படுத்தப் போகாதீர்கள். தனியாக ஒரே ஒரு கேள்வி: “முழு நாளும் வாறியா, இல்லாட்டி மத்தியானச் சாப்பாட்டோட வந்து சேருறியா?” வராமல் விடுவது தெரிவில் இல்லை, ஆனால் அரை நாள் இருக்கிறது. அதை எடுத்தால் ஏனென்று கேட்கக்கூடாது. அவள் நினைத்த நேரம் கிளம்பக்கூடியதாக வழி இருக்க வேண்டும், எல்லோரையும் ஏற்றிய ஒரே வானில் அது முடியாது. அவளுக்குக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள், காசு வாங்குவது, கேக் எடுப்பது மாதிரி. பொம்பிளைக்குப் பூமாலை போடுவது, “அடுத்தது யார்” என்று பூ எறிவது மாதிரி ஒன்றும் கொடுக்காதீர்கள். பார்ட்டி விளையாட்டுகளையும் ஒருக்கால் பாருங்கள். “பொம்பிளையைப் பற்றி யாருக்குக் கூடத் தெரியும்” என்ற போட்டி கேட்க நல்லாயிருக்கும், ஆனால் அது தோழிகளுக்கு மார்க் போடுவது. கடைசியாக வந்தவள் வீடு போகும் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். அதற்குப் பதில் பொம்பிளையே உங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் பழைய பள்ளிக்கூடக் கதை ஒன்று சொல்லட்டும்.

மருதாணி இரவைக் கல்யாணத்துக்கு முதல் நாள் வைக்காதீர்கள், அதற்கும் முந்தின இரவு வையுங்கள். நல்ல மருதாணி ஆறு தொடக்கம் எட்டு மணித்தியாலம் கையில் இருந்து, சுரண்டி எடுத்த பிறகும் ஒரு நாள் அளவுக்குத் தண்ணீர் அதிகம் படாமல் இருந்தால்தான் நிறம் முழுதாக ஏறும், அதற்கு 24 தொடக்கம் 48 மணித்தியாலம் எடுக்கும். சண்டை வருகிற இடம் வரிசை. பொம்பிளைக்கு இரண்டு கையும் காலும் முடிய மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும். அதற்குப் பிறகு முதலாவதாக உட்காருபவள் முழங்கை வரை போட்டுக்கொள்வாள், கடைசியில் இருப்பவளுக்கு நடுச்சாமத்தில் விரல் நுனியில் ஒரு பொட்டு. ஆகவே தோழிகள் எல்லோருக்கும் ஒரு கையின் புறத்தில் ஒரே அளவு பூ என்று போடுபவரிடம் முதலே சொல்லுங்கள், வரிசைக்குச் சீட்டுப் போடுங்கள். கறுப்பு மருதாணி என்று விற்பதைத் தொடவே வேண்டாம். அதில் தலைமயிர்ச் சாயத்தில் போடும் இரசாயனம் கலந்திருக்கும், சிலருக்குத் தோல் கொப்பளித்துத் தழும்பு விழும்.

யார் பொம்பிளைக்குப் பக்கத்தில் நிற்பது என்ற புகைச்சலும் உங்களுக்குள் இருக்கிறதாகக் கடிதத்தில் தெரிகிறது. மணவறையில் தோழியாக நிற்பது பெரும்பாலும் மாப்பிள்ளையின் சகோதரி. அந்த இடம் உங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் வரப்போவதில்லை, அதை ஒருமுறை குரூப்பில் சாதாரணமாகச் சொல்லி வைத்தால் பாதி அடங்கும்.

மூன்று பேர் குரூப்பிலிருந்து நீங்கள் விலகுங்கள். “நான் இதில இருந்தா ஒழுங்கு செய்ய ஏலாது” என்று மட்டும் எழுதிவிட்டு வாருங்கள், புத்திமதி வேண்டாம். அங்கே எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒருவருக்கும் காட்டக்கூடாது, உங்கள் பக்க நியாயத்துக்காகவும் கூடாது. பொம்பிளை இல்லாத குரூப் ஒன்று வேண்டும்தான், அவளுக்குத் தெரியாமல் கேக் சொல்ல. அதில் ஐந்து பேரும் இருக்க வேண்டும்.

பொம்பிளையிடம் சொல்ல வேண்டிய நிலை இரண்டுதான். ஒருத்தி கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று முடிவெடுத்தால் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஏதாவது கதை அடிபட்டால் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அவள் காதுக்குப் போனால் அவள் நடுவராகிவிடுவாள். கல்யாண வேலைக்கு நடுவில் அவள் யாரோ ஒருத்தியின் பக்கம் சாய்ந்துவிட்டால் மற்றவள் அதை மறக்கவே மாட்டாள்.

கடைசி நேரத்தில் ஒருத்தி வராமல் விட்டால் என்ன செய்வது என்பதையும் காசு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: வான் பங்கு திரும்பாது, சாப்பாட்டுப் பங்கு திரும்பும். பயணம் முடிந்து இரண்டு நாளைக்குள், பொன்னுருக்குக்கு முதல், பில்களைப் படமெடுத்துக் குரூப்பில் போடுங்கள். மிச்சத்தை ஐந்தாகப் பிரித்துத் திருப்பி அனுப்புங்கள், நூறு ரூபாயானாலும் சரி. “மிச்சத்தை அன்பளிப்பு என்வலப்பில் சேர்ப்பம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், என்வலப்புக்குள் யார் எவ்வளவு வைக்கிறார்கள் என்பது அவரவர் வீட்டுக் கணக்கு.