வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை) இழப்பீடு: வாசகர் கேள்விகள்

உப்புவெளி வாசகி: என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவர். வலது முழங்காலுக்கு வி.ஏ. 10 வீத இயலாமை மதிப்பீடு (ரேட்டிங்) கொடுத்திருக்கிறது. இப்போது இடது காலும் இடுப்பும் போய்விட்டன. கேட்கலாமா?

கேட்கலாம். வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்ததால்தான் மற்றவை கெட்டன என்று வைத்தியரிடம் காரணத்தோடு எழுதி வாங்குங்கள்.

உவர்மலை: அப்பாவுக்கு 50, 30 என்று இரண்டு ரேட்டிங். மொத்தம் 80 தானே?

இல்லை, 70. 100இல் 50 போக மிச்சமுள்ள 50இல்தான் 30 வீதம் பார்ப்பார்கள், அது 15. சேர்த்தால் 65, அதைக் கிட்டிய பத்துக்கு உயர்த்தி 70 ஆக்குவார்கள். பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது.

கிண்ணியா: தம்பி படையில் இருந்தவர். இப்போது பிரஷர். எவ்வளவு காசு வரும்?

எந்த நாட்டுப் படை? முதலில் அங்கீகரித்த நோய் எது? ஒன்றும் எழுதாமல் தொகை கேட்டால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும். இலங்கைக் கடற்படை என்றால் இது இடமே இல்லை.

நிலாவெளி: நீரிழிவை ஏற்றுக்கொண்ட வி.ஏ., அதனால் வந்த சிறுநீரக நோயை நிராகரித்துவிட்டது. வைத்தியர் கடிதம் கொடுத்தோமே?

நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். ‘நீரிழிவால் வந்திருக்கலாம்’. அவ்வளவுதான், ஒரே வரி! வாய்ப்பு 50 வீதமாவது உண்டு என்று வைத்தியர் சொல்ல வேண்டும். நீரிழிவு எந்த வருடம் தொடங்கியது, கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் இரத்த அளவு) எப்போது ஏறியது, வேறு காரணங்களை ஏன் ஒதுக்குகிறார் என்பதெல்லாம் வர வேண்டும். அரைப் பக்கம் போதும். வைத்தியரில் பிழை இல்லை. கிளினிக்கில் வரிசை வாசல்வரை நிற்கும்போது வெறுங்கையோடு போய்க் கேட்டால் அவர் வேறென்ன எழுதுவார்? பழைய கிளினிக் கொப்பிகளைக் கொண்டுபோக வேண்டியது நீங்கள். நம்மவர்களோ புதுக் கொப்பி கிடைத்த அன்றே பழையதை அடுப்படியில் போட்டுவிடுவார்கள். எத்தனை தடவை சொல்வது? முன்பே இருந்த நோய் மோசமானது என்று கேட்பவர்களுக்கோ அந்தக் கொப்பிதான் உயிர். முன்னைய அளவு தெரியாமல் கோரிக்கை நகராது. கூடிய பங்குக்கு மட்டுமே காசு. சரி, முடிவுக் கடிதம் வந்து ஒரு வருடம் ஆகவில்லையே? புது ஆதாரத்தோடு சப்ளிமென்டல் கிளெய்ம் (மேலதிகக் கோரிக்கை) போடுங்கள், காசு கணக்கிடும் பழைய திகதி கைவிட்டுப் போகாது.

மூதூர்: முதுகுவலி மாத்திரையால் இரைப்பைப் புண். சேருமா?

முதுகை வி.ஏ. ஏற்றிருந்தால் சேரும். மாத்திரையின் பெயர், எத்தனை வருடம் எடுத்தார் என்பதெல்லாம் வேண்டும். காரணத்தோடு எழுதி வாங்குங்கள், திரும்பவும் சொல்கிறேன்.

திருக்கடலூர்: அண்ணா ஊரோடு வந்து தங்கினால் இழப்பீடு நிற்குமா?

நிற்காது. ஏற்றுக்கொண்ட நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு வி.ஏ.யின் வெளிநாட்டு மருத்துவத் திட்டத்தில் பதியச் சொல்லுங்கள். அப்புறம், புதிதாக ஏதும் கேட்கப்போகிறார் என்றால் ‘இன்டென்ட் டு ஃபைல்’ (கோரிக்கை போடப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவிக்கும்) படிவத்தை இப்போதே அனுப்பட்டும். ஆவணம் தேட ஒரு வருடம் கிடைக்கும்.