கோர்ட் மார்ஷலில் சிவிலியன் நீதிபதி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கோர்ட் மார்ஷல் எனும் இராணுவ நீதிமன்றத்தில் வழக்கை விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீலை நீதிபதியாக்குவது எதற்கு?

பதில்: தீர்ப்புச் சொல்பவரின் பதவி உயர்வு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். சீருடை நீதிபதிக்கும் மேலதிகாரி உண்டு. 1997-இல் ஃபின்ட்லே என்ற பிரிட்டிஷ் படைவீரரின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனைக் கண்டித்தது இதற்காகத்தான். அங்கே என்ன குற்றம் சாட்டுவது என்று முடிவு செய்தவர், விசாரணைக் குழுவை அமைத்தவர், தண்டனையை உறுதிப்படுத்தியவர் மூவரும் ஒரே அதிகாரி. குழுவில் இருந்த எல்லோரும் பதவியில் அவருக்குக் கீழே.

கேள்வி: சிவிலியன் ஒருவர் வந்து உட்கார்ந்தால் மட்டும் மாறிவிடுமா?

பதில்: நிறையவே மாறும். 2003 டிசம்பரில் அதே நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு சொன்னது. கூப்பர் விமானப்படைக்காரர், அவர் வழக்கில் ஜட்ஜ் அட்வகேட், அதாவது கோர்ட் மார்ஷலில் சட்டம் சொல்லும் நீதிபதி, சிவிலியன். விசாரணை செல்லும் என்றார்கள். கிரீவ்ஸ் கடற்படைக்காரர், அவருக்கு வாய்த்த ஜட்ஜ் அட்வகேட் பணியிலிருந்த கடற்படை அதிகாரி. நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றார்கள். ஆனால் 2024-இல் கனடா உச்ச நீதிமன்றம், அதிகாரியாக இருந்தபடியே ஒருவர் சுதந்திரமான நீதிபதியாக இருக்க முடியும் என்றது. ஏழு பேரில் ஒருவர் மாறுபட்டார். நான் அந்த ஒருவர் பக்கம்.

கேள்வி: படை வாழ்க்கையே தெரியாதவர் எப்படித் தீர்ப்பளிப்பார்?

பதில்: பிரிட்டனில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது படையினர் குழுதான். நீதிபதி சட்டத்தை விளக்குவார். தண்டனையில்தான் அவருக்கும் வாக்கு.

கேள்வி: நியமனமே தவறாக நடந்திருந்தால்?

பதில்: தீர்ப்பு நிற்காது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இரண்டு சிவிலியன்களைப் போக்குவரத்துத் துறையின் தலைமைச் சட்ட அதிகாரி நியமித்தார். அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. தண்டனை பெற்று அங்கே மேல்முறையீடு செய்த ரைடர் என்ற காவல்படைக்காரர் விடாமல் ஆட்சேபித்தார். 1995-இல் உச்ச நீதிமன்றம் அவர் மேல்முறையீட்டைப் புதிதாக விசாரிக்கச் சொன்னது. இதற்கிடையில், 1993-இலேயே துறைச் செயலாளர் அந்த நியமனங்களைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டிருந்தார். அவர் செய்த நியமனம் செல்லும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல வக்கீலைத் தேர்ந்தெடுத்தால் போதாது, சரியான கை கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: இந்தியாவில் என்ன நிலை?

பதில்: மேல்முறையீட்டில் நிலைமை தேவலை. 2007 சட்டத்தின்படி வந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரும் மூத்த படை அதிகாரியாக இருந்தவரும் சேர்ந்து அமர்கிறார்கள். கீழே கோர்ட் மார்ஷலில் ஜட்ஜ் அட்வகேட் இராணுவ அதிகாரிதான், வாக்கும் இல்லை.

கேள்வி: முதலில் எதை மாற்றச் சொல்வீர்கள்?

பதில்: சம்மரி கோர்ட் மார்ஷலை. அங்கே கமாண்டிங் அதிகாரி ஒருவரே நீதிமன்றம். லெஃப்டினன்ட் கர்னலும் அதற்கு மேலும் உள்ளவர் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். சிப்பாய்க்குத் துணையாக வருபவர் ஆலோசனை சொல்லலாம். எழுந்து வாதாட முடியாது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. சிறைத்தண்டனை விதிக்கும் அதிகாரத்தை மட்டுமாவது அங்கிருந்து எடுத்து, வெளியிலிருந்து வரும் நீதிபதியிடம் கொடுக்க வேண்டும்.