சீனாவிலிருந்து வந்த மாணவனுக்கு ஆங்கிலம் சொல்லித்தரக் கேட்கிறார்கள். எனக்கே ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ஒத்துக்கொள்ளலாமா? எதிலிருந்து ஆரம்பிப்பது, எவ்வளவு கேட்பது?

தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள், பக்கத்து புளோக்கில் ஒரு சீன அம்மா போனில் மொழிபெயர்த்துக் காட்டிக் கேட்டிருக்கிறார், பையனுக்கு வெளிநாட்டு மாணவர்களுக்கான ஏஇஐஎஸ் நுழைவுத் தேர்வு வருகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு மாதிரி என்றால் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிபென்டன்ட் பாஸில், அதாவது வேலை பார்க்க வந்தவரின் குடும்பத்தாருக்கான அனுமதியில், இருப்பவராக இருந்தால் முதலில் மனிதவள அமைச்சின் விதியைப் பாருங்கள், அனுமதி இல்லாமல் காசு வாங்கி டியூஷன் எடுக்கக்கூடாது. நான் நிரந்தரவாசி, எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

‘எனக்கே தாய்மொழி இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் துறையூர் பக்கம் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்துவிட்டு, முதல் வருடம் பூராவும் வகுப்பில் வாயைத் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சீனப் பிள்ளைக்குச் சொல்லித்தர அதைவிடப் பெரிய தகுதி எதுவும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு எது தவறு என்று உடனே தெரியும். பிள்ளை ஏன் அங்கே வந்து இடறுகிறது என்பது அதே இடத்தில் இடறியவருக்குத்தான் தெரியும்.

எனக்கு வந்த பையன் ஷென்யாங்கைச் சேர்ந்தவன், 14 வயது. அம்மாவும் அவனும் மட்டும் இங்கே, அப்பா ஊரில் சம்பாதித்து அனுப்புகிறார். பிள்ளையின் படிப்புக்காகக் கூடவே வந்து தங்கும் இப்படிப்பட்ட தாய்மார்களைச் சீனத்தில் ‘பெய்து மாமா’ என்பார்கள். நம் காதுக்கு வேடிக்கையாக இருக்கும், அம்மாவைத்தான் சொல்கிறார்கள். முதல் வகுப்பில் அவன் ஒரு முழுப் பத்தியை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். சரி, கெட்டிக்காரன் என்று நினைத்து, “உன் அம்மா நேற்று எங்கே போனார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “மை மதர், ஹீ கோ மார்க்கெட்” என்றான். அம்மா பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே பெருமையாகத் தலையாட்டினார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றும் இல்லை. சீனப் பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘தா’ என்று ஒரே ஒலிதான். எழுத்தில்தான் தனித்தனி. ‘அவள்’ என்பதற்கான எழுத்துகூட அந்தப் பொருளில் புழங்கத் தொடங்கி ஏறக்குறைய நூறு வருடம்தான் ஆகிறது. அதனால் எழுதும்போது ஹீயும் ஷீயும் ஓரளவு சரியாக வரும், பேசும்போது நாக்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அது வரும்.

வினைச்சொல்லும் அப்படியே. சீனத்தில் வினை உருமாறாது. ‘நேற்று’ என்று சொன்னாலே காலம் தெரிந்துவிட்டது, வேண்டுமானால் நடந்து முடிந்ததைக் காட்டும் ‘லெ’ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் எதற்கு ‘கோ’வையும் ‘வென்ட்’ ஆக்க வேண்டும் என்பது அவன் நியாயம். நாமோ ‘போனாள்’ என்ற ஒரே சொல்லுக்குள் காலம், பால், எண் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிற கூட்டம். அதனால் இதில் அவனுக்கு என்ன கஷ்டம் என்று நமக்குச் சட்டென்று பிடிபடாது. கடந்தகால வடிவப் பட்டியலைக் கொடுத்தால் ஒரே இரவில் ஒப்பித்துவிட்டு வருவான், பேசும்போது மறுபடியும் ‘கோ’தான்.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு சின்னக் கதையை எடுத்து அதில் ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ மாதிரிச் சொற்களையெல்லாம் வெள்ளை மையால் அழித்துவிட்டேன். இது நடந்துவிட்டதா, தினமும் நடப்பதா, எந்த இடத்தைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவன் விரல் வேறு எங்கும் போக முடியாது, வினையின் மேல்தான் வைத்தாக வேண்டும். பிறகு அவனையும் காலச் சொல் எதுவும் போடாமல் முந்தைய நாளைப் பற்றி எழுதச் சொன்னேன். முதலில் கோபப்பட்டான். கொஞ்ச நாளில் ‘வென்ட்’ தானாக வர ஆரம்பித்தது. ‘ஹேஸ் கான்’ இன்றைக்கும் தகராறுதான், பொய் சொல்ல மாட்டேன்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற ‘ஏ’ (a), ‘த’ (the) இரண்டுக்கும் விதி சொல்லித் தொண்டையைக் காயவைக்காதீர்கள். எனக்குச் சீனம் தெரியாது, இங்கேயே பிறந்த சீனத் தோழி ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள்: ‘கேரென் லை லெ’ என்றால் எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்டார், அதையே ‘லை லெ கேரென்’ என்று மாற்றினால் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார். ஆங்கிலம் ஏ, த போட்டுச் செய்யும் வேலையை இவர்கள் சொல்லை இடம் மாற்றியே செய்துவிடுகிறார்கள். இதைக் காட்டியதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கருத்துப் பெட்டியில் வரப்போகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீனர் எல்லாருக்கும் ஆங்கிலம் வராது என்று நான் எங்கும் சொல்லவில்லை. 1987க்குப் பிறகு சிங்கப்பூர்ப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆங்கிலமே முதல் மொழி, இங்கே வளர்ந்த சீனப் பிள்ளைகளின் கதை முற்றிலும் வேறு. சீனாவிலிருந்து வருபவர்களும் ஆங்கிலமே தெரியாமல் வருவதில்லை. 2001இல் அங்கே தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். காவ்காவ் என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வின் 750 மதிப்பெண்ணில் 150 ஆங்கிலத்துக்கு, கணக்குக்கும் அதே 150. படிக்காமல் இருக்க முடியாது. நான்கு விடையில் சரியானதைத் தேர்ந்தெடுக்க என் மாணவன் என்னைவிட வேகம். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால்தான் வியர்த்துவிடும்.

இப்போது வாசிப்பு. உங்களுக்கு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அவன் சொல்லுக்குச் சொல் அர்த்தம் தெரிந்து, வாக்கியம் மட்டும் புரியாமல் உட்கார்ந்திருப்பான். எனக்கும் கல்லூரியில் அதுதான் நடந்தது. ‘போன வாரம் உடைந்த சைக்கிளை என் மாமாவுக்கு விற்ற ஆள் ஜோகூருக்குக் குடிபோய்விட்டார்’. இதில் ஆளைப் பற்றிய விவரமெல்லாம் முன்னால் வந்து, கடைசியில் ஆள் வருகிறார். சீனத்திலும் ஏறக்குறைய இதே வரிசைதான், விவரம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்து நின்றுவிடுவார், அவருக்குப் பின்னால் ‘ஹூ’ என்று ஒரு வால், அந்த வாலுக்குள் ‘தட்’ என்று இன்னொரு வால், எல்லாம் முடிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்ற வினை. அதற்குள் என் மாணவன் ஆளை மறந்திருப்பான். ஜோகூருக்குப் போனது யார் என்று கேட்டால் மாமா என்றான். ஒரு தடவை சைக்கிள் என்றான்.

பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து இரண்டு பட்டைகள் செய்துகொடுத்தேன். பெரிய வாக்கியம் வந்தால் ‘ஹூ’விலிருந்தும் ‘தட்’டிலிருந்தும் தொடங்கும் வால்களைப் பட்டையால் மூட வேண்டும். மிச்சம் தெரிவதைப் படி: அந்த ஆள் ஜோகூருக்குக் குடிபோய்விட்டார். சரி, இப்போது ஒவ்வொரு பட்டையாக எடு. எந்த இடத்தில் வால் முடிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவனுக்கு உண்மையான போராட்டம், சிலசமயம் வினையையும் சேர்த்து மூடிவிடுவான். மூடினால் என்ன, மிச்சம் இருப்பதைப் படிக்கும்போது அவனுக்கே இடிக்கும். பட்டையை அவன் பென்சில் பெட்டியிலேயே வைத்திருந்தான், ஓரமெல்லாம் அழுக்கேறிப் போகும்வரை. இந்த யோசனை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பார்த்து எடுத்ததல்ல. தமிழில் யோசித்துக்கொண்டே ஆங்கிலம் படித்துத் திண்டாடியவளுக்கு வந்த யோசனை.

என்ன வாசிக்கக் கொடுப்பது? அவன் வயதுக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ளதைக் கொடுங்கள். அம்மா முகம் சுளிப்பார், கண்டுகொள்ளாதீர்கள். ஜூரோங் வட்டார நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது, ஏசியும் உண்டு. பக்கத்துக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் அகராதி பார்க்க வேண்டியிருந்தால் அந்தப் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடச் சொன்னேன்.

சொற்கள் விஷயத்தில் அவனோடு அதிகம் சண்டை போடவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சொற்பட்டியல் புத்தகம் ஒன்று இருந்தது, அகர வரிசையில். முதல் சில பக்கங்கள் எண்ணெய்க் கறையும் மடிப்புமாக, கடைசிப் பக்கங்கள் கடையில் வாங்கியபடியே. இப்படிப்பட்ட புத்தகங்கள் ‘அபான்டன்’ என்ற சொல்லில் தொடங்குவதால், படிக்க ஆரம்பித்த உடனே கைவிடச் சொல்கிறது என்று சீன மாணவர்களே கேலி செய்வார்கள். மனப்பாடமே கூடாது என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாம் குறளை எப்படிப் படித்தோம்? அங்கே பள்ளிகளில் காலையில் முதல் வேலையே வகுப்பு முழுக்கச் சத்தம் போட்டு வாசிப்பதுதான், அந்தப் பழக்கம் ஒரு சொத்து. தனிச் சொல்லை விட்டுவிட்டு அந்தச் சொல் வருகிற முழு வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொன்னேன், அவ்வளவுதான். எந்தச் சொல் எதோடு சேர்ந்து வரும் என்பது கூடவே வந்துவிடும்.

உச்சரிப்பைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், தயாராக இருங்கள். அந்த அம்மாவும் கேட்டார், போனில் மொழிபெயர்த்துக் காட்டி: இந்திய உச்சரிப்பு பையனுக்கு ஒட்டிக்கொள்ளுமா? எனக்குச் சுருக்கென்றது. இதற்கு முன் ஒரு டியூஷன் ஏஜென்சியில் என் சான்றிதழ்களையெல்லாம் பார்த்துவிட்டு, பெற்றோர்கள் ‘நேட்டிவ்’ ஆசிரியர்தான் கேட்கிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த நேட்டிவ் எங்கள் தெரு இந்தோனேசிய சாப்பாட்டுக் கடையில் வரிசையில் நிற்கும் யாராவது வெள்ளைக்காரராக இருந்தால் போதும், ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த அம்மாவிடம் எனக்குக் கோபம் நிற்கவில்லை. அவர்கள் வீடு மாற வேண்டியிருந்தபோது வாடகை விளம்பரங்களைப் பார்க்க நான்தான் கூட உட்கார்ந்தேன். ‘இந்தியர் வேண்டாம், சீன நாட்டவர் வேண்டாம்’ என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். சமையல் நாற்றமாம். நானும் என் கணவரும் இங்கே வந்த புதிதில் இதே வரியைப் படித்துப் படித்துத்தான் வீடு தேடினோம். ரசம் வைத்தால் சுவர் இடிந்து விழுமா? சாதி கேட்டு வீடு கொடுக்காத ஊரிலிருந்து வந்தவர்கள் இதைப் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி, அதற்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும். அந்த அம்மாவும் நானுமாகத் தேடி அவர்களுக்கு எட்டாவது மாடியில் ஓர் அறை பிடித்தோம்.

பையனுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது, வயதுக்கு ஒரு வகுப்பு கீழே. கிடைக்காமலும் போயிருக்கலாம். ஏஇஐஎஸ் தேர்வில் மதிப்பெண் வந்தால் மட்டும் போதாது, பள்ளிகளில் காலியிடமும் இருக்க வேண்டும். கணக்கிலும் தேற வேண்டும், அதில் அவனுக்கு என் உதவி தேவைப்படவில்லை. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பின்னால் பழி நம் தலையில் விழும்.

கட்டணம். நான் மணிக்கு 35 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) ஆரம்பித்தேன். கூச்சப்பட்டுக் குறைத்துக் கேட்காதீர்கள், குறைத்தால் மட்டமான ஆசிரியர் என்றுதான் நினைப்பார்கள். அந்த அம்மா அனுப்பிவைத்ததாகச் சொல்லி இன்னொரு அம்மா போன மாதம் பெண்ணோடு வந்தார். உட்காரும் முன்பே உச்சரிப்புக் கேள்வியைப் போனில் காட்டினார். நான் 45 வெள்ளி என்று தட்டிக் காட்டினேன். சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார்.