விட்ஜெட்டுக்குக் காசு கொடுக்கும் முன்

கேள்வி: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் அப்பாவுக்குப் பழைய லேப்டாப் வாங்கினோம். திரையில் கடிகாரம், வானிலை போன்ற சின்னச் சின்ன விட்ஜெட்டுகளைக் காட்டும் ‘ஒரிஜினல் சாஃப்ட்வேர்’ என்று தனியாக 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அது ரெயின்மீட்டராம். இலவசம் என்கிறார்களே?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

இலவசம்தான் அம்மா. ரெயின்மீட்டர், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வரும் திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அந்த உரிமம் பிரதிக்குக் காசு வாங்குவதைத் தடுப்பதில்லை. ‘போட்டுக் கொடுத்த கூலி’ என்று கேட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இலவசம் என்பதை மறைத்து, லைசன்ஸ் என்று விற்றதுதான் ஏமாற்று. பில்லை எடுத்துப் பாருங்கள். ‘லைசன்ஸ்’ என்று எழுதியிருந்தால் அதையே காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அப்பாவின் பணம், விடாதீர்கள்.

கேள்வி: ஒரு வருஷச் சந்தா கட்டியபிறகுதான் தெரிந்தது, அந்த விட்ஜெட் ஆப் விண்டோஸில் மட்டும் ஓடுமாம். என்னுடையது மேக்.
– எலெக்ட்ரானிக் சிட்டி

பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது என் ஷேர் கணக்கு விட்ஜெட் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஒரே சொடுக்கில் மறைக்க, கட்டளை வரியில் (கட்டளையைத் தட்டச்சு செய்து) இயக்கும் ஆப் எதை வாங்கலாம்?
– ஒயிட்ஃபீல்டு

எதையும் வாங்க வேண்டாம். ரெயின்மீட்டரில் ‘பேங்’ என்ற கட்டளைகள் உண்டு; ஆச்சரியக்குறியில் தொடங்கும். மறைக்க வேண்டிய ஸ்கின்களுக்கெல்லாம் (ரெயின்மீட்டரில் விட்ஜெட்டுக்கு அதுதான் பெயர்) ஒரே குரூப் பெயர் கொடுத்து, ரெயின்மீட்டர் நிரல் இருக்கும் வழி, அடுத்து ‘ஹைட்குரூப்’ பேங், குரூப் பெயர் என்று டெஸ்க்டாப் ஷார்ட்கட்டில் போட்டுவிடுங்கள். ‘ஹைட்’ மறைக்க மட்டும் செய்யும்; ஸ்கின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். முழுக்க நிறுத்த ‘டீஆக்டிவேட்கான்ஃபிக்’. லினக்ஸில் ஈடபிள்யூடபிள்யூ (eww) என்ற விட்ஜெட் ஆப் இருக்கிறது. ஓப்பன், குளோஸ், அப்டேட் என்று கட்டளையிலேயே எல்லாம் நடக்கும், அதுவும் இலவசம்.

இதில் எனக்கு வெகுநாள் கோபம் ஒன்று உண்டு. காசு கொடுத்து நான் வாங்கிய ஒரு விட்ஜெட் ஆப்பை மூட வேண்டுமானால் டாஸ்க் மேனேஜரில் போய்த்தான் கொல்ல வேண்டும். கட்டளை வசதி கேட்டு எழுதினேன். ‘புரோ’ வாங்குங்கள் என்று பதில் வந்தது. என் கணினியில், என் காசில் ஓடும் நிரலிடம் ‘மூடு’ என்று சொல்ல இன்னொரு கட்டணமா? கட்டளை இருந்தால்தான், குறித்த நேரத்தில் வேலையைச் செய்யும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுக் காலை 9 மணிக்குத் திறந்து மாலையில் மூட முடியும். ஊரில் இருக்கும் அம்மாவின் கணினியைத் தூரத்திலிருந்து சரிசெய்ய முடியும். அது இல்லாத ஆப் நம் கணினியில் நம்மையே கைகட்டி நிற்க வைக்கிறது. ஆகவே சோதனைக் காலத்திலேயே கட்டளை வரியிலிருந்து திற, மூடு, புதுப்பி மூன்றையும் செய்து பாருங்கள். ஒன்று நடக்காவிட்டாலும் காசை எடுக்காதீர்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்ன பேங்கை அடித்தால் ‘சி கோலன் புரோகிராம்’ என்ற கட்டளையே இல்லை என்கிறது. ஆப் கெட்டுவிட்டதா? சரிசெய்யக் கடைக்காரர் 500 ரூபாய் கேட்கிறார்.
– அல்சூர்

இல்லை. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற பெயரில் நடுவே இடைவெளி இருக்கிறது. அதோடு கட்டளை முடிந்துவிட்டதாகக் கணினி நினைக்கிறது. முழு வழியையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், பேங்கை அதற்கு வெளியே. விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல் என்றால் மேற்கோளுக்கு முன் ஒரு ஆம்பர்சண்ட் (&) குறியும் வேண்டும். இதைச் சரிசெய்ய 500 கேட்ட கடைக்காரரிடம் இனிப் போகாதீர்கள்.

கேள்வி: விண்டோஸ் 7-இல் இருந்த கேட்ஜெட்டுகளை (அந்தக் கால விட்ஜெட்டுகள்) புதிய விண்டோஸில் கொண்டுவரும் தொகுப்பு 299 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– டொம்லூர்

வேண்டாம். பாதுகாப்புக் கோளாறு என்று 2012-இல் மைக்ரோசாஃப்டே அதை அணைக்கச் சொல்லிவிட்டது.

கேள்வி: விட்ஜெட் சந்தாவை ரத்துசெய்யும் பொத்தானே ஆப்பில் இல்லை. கார்டிலிருந்து மாதாமாதம் பணம் போகிறது.
– சிவாஜி நகர்

ரத்து வழியை ஒளித்து வைப்பதை 2023-இல் வந்த டார்க் பேட்டர்ன் (வாடிக்கையாளரை ஏமாற்றும் வடிவமைப்பு) வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன. முதல் வேலையாக வங்கி ஆப்பில் ஆட்டோபே அனுமதியை நீக்குங்கள். தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது வராமல் போன மாதங்களைக் குறித்து வைத்துக்கொண்டு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.